வாடிய முகத்தைக் கண்ட கண்கள்: இளையோர் மனநலமும் நம் வரலாறும்

மதீனாவில் அபூதல்ஹா (ரலி), உம்மு சுலைம் (ரலி) தம்பதியரின் இல்லத்துக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி செல்வது வழக்கம். அவ்வீட்டில் அபூஉமைர் என்றொரு சிறுவர் இருந்தார். அனஸ் (ரலி) அவர்களின் தாய்வழித் தம்பியான அவர் ஒரு சிறு குருவியை வளர்த்து, அதனோடு விளையாடி வந்தார். ஒருநாள் நபியவர்கள் சென்றபோது சிறுவரின் முகம் வாடியிருந்தது. இவருக்கு என்னவாயிற்று என்று வீட்டாரிடம் கேட்டார்கள். அவருடைய குருவி இறந்துவிட்டது என்று பதில் வந்தது. குருவிதானே என்று நபியவர்கள் கடந்து போய்விடவில்லை. சிறுவரை அன்போடு பெயர் சொல்லி அழைத்து, அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள்.

ஹதீஸ் நூல்களில் இடம்பெற்ற இச்சிறு நிகழ்வை நம் முன்னோர் சிறியதாகக் கருதவில்லை. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்), இந்த ஒரே ஹதீஸிலிருந்து 60 பாடங்களை எடுத்துக்காட்டி ஒரு நூலே எழுதினார். பெற்றோராகிய நாம் அதிலிருந்து ஒரு பாடத்தையேனும் இன்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளையின் உள்ளத்தில் நேரும் மாற்றம் முதலில் முகத்தில் தெரிகிறது. அதைக் காண்பதும், என்னவென்று கேட்பதும், கேட்டதை அற்பமென்று தள்ளாமல் இருப்பதும் வளர்ந்தவர்களின் கடமை.

உள்ளத்தின் நோயை நேரத்தோடு கண்டறிவது மேலைநாட்டார் அண்மையில் நமக்குக் கற்பித்த புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். நமது வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. அந்தக் கண்கள் நம்மிடம் இருந்தன. அவை எப்படிப் பார்த்தன, எங்கே மங்கின என்பதை அறிவது, இன்று பதினான்கு பதினைந்து வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படும்.

பல்க் நகரத்து அறிஞர்

இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் நகரின் அருகே, கி.பி. 850 அளவில் அபூஸைத் அல்பல்கீ (ரஹ்) பிறந்தார். பக்தாத் சென்று தத்துவ அறிஞர் அல்கிந்தீயிடம் பயின்று, ஊர் திரும்பி, கி.பி. 934-இல் மறைந்தார். புவியியல் அறிஞராகவே அவர் பெரிதும் அறியப்பட்டவர். ஆயினும் அவர் எழுதிய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூல் மருத்துவ வரலாற்றில் தனியிடம் பெற்றது. உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்பது அப்பெயரின் பொருள். அதன் முதற்பகுதி உடல்நலத்தைப் பேசுகிறது. இரண்டாம் பகுதி, எட்டு அத்தியாயங்களில், உள்ளத்தின் நலத்தைப் பேசுகிறது.

உடல்நோய் மனிதனுக்கு எப்போதோ ஒருமுறை வருகிறது, உள்ளத்தின் சலனமோ அனைவரையும் அன்றாடம் தொடுகிறது, அவ்வாறிருந்தும் மருத்துவர்கள் உடலையே கவனித்து உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். கோபம், துயரம், அச்சம், வஸ்வாஸ் எனப்படும் ஓயாத எண்ணத் தொல்லை ஆகியவற்றை அவர் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தார். துயரத்திலும் ஒரு நுட்பமான பிரிவைக் கண்டார். அன்புக்குரியவரை இழந்ததுபோன்ற காரணம் தெரிந்த துயரம் ஒன்று. காரணம் ஏதும் தெரியாமலே நெஞ்சை அழுத்தி, மகிழ்ச்சியைப் பறித்து, மனிதனை முடக்கும் துயரம் மற்றொன்று. பின்னதன் வேர் உடலில் இருக்கிறது என்றும், அதற்கு உடலுக்குரிய மருத்துவமும் வேண்டும் என்றும் அவர் எழுதினார். “உனக்கு என்ன குறை? எதற்காக இப்படி இருக்கிறாய்?” என்று பிள்ளைகளைக் கேட்டு, பதில் வராதபோது சோம்பல் என்று முடிவுகட்டும் பெற்றோருக்கு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட மறுமொழி இது.

நோய் முற்றும்வரை காத்திருப்பதை பல்கீ ஏற்கவில்லை. திடீர் நோய்க்கென்று வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, உள்ளம் நலமாக இருக்கும் நாள்களிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்றார். எண்ணத் தொல்லைக்கு ஆளானவர் தனிமையில் கிடக்கக் கூடாது, நம்பிக்கைக்குரிய மனிதரின் துணையும் அறிவுரையும் அவருக்கு வேண்டும் என்றும் வலியுறுத்தினார். இந்நூலின் கையெழுத்துப்படி இஸ்தான்புல் நகரில் பாதுகாக்கப்பட்டு வந்தது. 2013-இல் சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரீ உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டபோதுதான் உலகம் அவரைப் பரவலாகத் திரும்பிப் பார்த்தது.

நாடியில் தெரிந்த நோய்

இப்னு ஸீனா (ரஹ்) பற்றி ஒரு நிகழ்ச்சியை, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ‘சஹார் மகாலா’ என்னும் பாரசீக நூலை எழுதிய நிழாமி அரூழீ சொல்கிறார். குர்கான் நகரில் ஆட்சியாளரின் உறவினரான ஓர் இளைஞர் நோயுற்றுப் படுத்தார். மருத்துவர்கள் பார்த்தும் பயனில்லை. இப்னு ஸீனா இளைஞரின் நாடியைப் பிடித்தவாறு, ஊரை நன்கறிந்த ஒருவரை அருகில் இருத்தி, தெருக்களின் பெயரையும் வீடுகளின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்தார். ஒரு தெருவின் பெயரிலும், ஒரு வீட்டின் பெயரிலும், இறுதியில் ஒரு பெண்ணின் பெயரிலும் நாடி தடுமாறியது. சொல்லமுடியாத காதலே நோயின் வேர் என்பது தெளிவாயிற்று.

கதையின் விவரங்கள் வரலாற்றோடு முழுமையாகப் பொருந்தவில்லை. அதில் குறிப்பிடப்படும் ஆட்சியாளர் காபூஸ், இப்னு ஸீனா குர்கானை அடையும் முன்பே இறந்துபோனதை இப்னு ஸீனாவின் சொந்த வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. ஆனால் நாடியின் மாற்றத்தைக்கொண்டு உள்ளத்தில் மறைந்திருப்பதைக் கண்டறியும் முறை அவருடைய ‘அல்கானூன்’ நூலிலேயே விளக்கப்பட்டுள்ளது. வாய்திறந்து சொல்ல முடியாத இளைஞனின் உடல் சொல்லிக்கொண்டிருக்கும் என்பதும், அதைப் படிக்க ஒருவர் பொறுமையாக அருகில் அமர வேண்டும் என்பதும் அம்முறையின் உட்பொருள். அந்த இளைஞரை எவரும் ஏசவில்லை, அடிக்கவில்லை, குடும்பத்துக்கு இழுக்கு என்று மறைக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

பீமாரிஸ்தான்கள்

நூல்களில் இருந்த இந்த அறிவு கட்டடங்களாகவும் எழுந்தது. 1154-இல் சுல்தான் நூருத்தீன் ஸங்கீ திமிஷ்கில் எழுப்பிய மருத்துவமனை, 1284-இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் நிறுவிய மன்ஸூரி மருத்துவமனை, 1354-இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மருத்துவமனை, 1488-இல் சுல்தான் இரண்டாம் பாயஸீத் எதிர்னே நகரில் கட்டிய மருத்துவமனை ஆகியவை வக்ஃபு சொத்துகளின் வருவாயால் நடந்தன. மனநோயாளர்களுக்கு அங்கே இடமிருந்தது. அலெப்போவின் கட்டடத்தில் நீரூற்றுகளைச் சுற்றி அமைந்த அறைகளை இன்றும் காணலாம். எதிர்னேயில் வாரத்துக்கு மூன்று நாள் இசைவாணர்கள் நோயாளர் முன் வாசித்ததைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி பதிவு செய்துள்ளார்.

எல்லாம் பொற்காலமாகவே இருந்தது என்று சொல்வது நேர்மையாகாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதுக்கு வந்த யூதப் பயணி துதேலா நகரத்து பெஞ்சமின், அங்கிருந்த மருத்துவமனையில் சித்தம் கலங்கியவர்கள் இரும்புச் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததை எழுதியிருக்கிறார். அவரே மற்றொன்றையும் எழுதுகிறார். மாதந்தோறும் அரசு அலுவலர்கள் வந்து ஒவ்வொருவரையும் சோதித்து, தெளிவடைந்தவரை விடுவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சங்கிலி இருந்தது, ஆனால் அவர்களை மறக்காத ஒரு கண்ணும் இருந்தது. இந்த நுட்பமான வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான், பின்னாளில் நம் மண்ணில் நடந்ததன் கொடுமை விளங்கும்.

ஈமான் குறைவா?

மனம் தளர்ந்த பிள்ளையிடம் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படுவது, “ஒழுங்காகத் தொழுதால் இப்படி வராது” என்பதுதான். தொழுகை உள்ளத்துக்கு அமைதி தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் துயருற்றவரெல்லாம் ஈமான் குறைந்தவர் என்றால், மகனைப் பிரிந்த துயரால் கண்கள் வெளுத்துப்போன நபி யஃகூப் (அலை) அவர்களைப் பற்றி யூஸுஃப் அத்தியாயம் கூறுவதை நாம் எப்படி விளங்கிக்கொள்வது? அந்தத் துயரத்தை இறைவன் குறைபாடாகச் சித்திரிக்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வும் சான்று. 1095-ஆம் ஆண்டில், பக்தாதின் நிழாமிய்யா கல்விக்கூடத்தில் புகழின் உச்சியில் இருந்தபோது, ஏறத்தாழ ஆறு மாதம் கடும் மனப்போராட்டத்தில் சிக்கினார்கள். பாடம் நடத்த வாயெடுத்தால் நா எழவில்லை. உணவு இறங்கவில்லை, உடல் நலிந்தது. உள்ளத்தில் தோன்றிய கவலையே உடலுக்குப் பரவியிருக்கிறது, அது தீர்ந்தாலன்றி மருந்து பயன்தராது என்று மருத்துவர்கள் கூறினார்கள். இவற்றையெல்லாம் இமாம் அவர்களே தம் தன்வரலாற்று நூலில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார்கள். மார்க்க அறிவில் அவ்வளவு பெரியவர் வெட்கப்படாமல் எழுதியதை, பதினேழு வயதுப் பிள்ளை தன் தாயிடம் சொல்ல அஞ்சுகிறான் என்றால், அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். துயருற்றவருக்கும் நோயாளிக்கும் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் கொடுக்கச் சொல்வது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வழக்கம். அது நெஞ்சுக்கு ஆறுதல் தருவதாக நபியவர்களிடம் கேட்டிருந்தார்கள். துஆவோடு கஞ்சியும் சேர்ந்தே இருந்த வீடுகள் அவை.

ஏர்வாடி

நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னையில் 1794-இல் தொடங்கிய மனநோயாளர் விடுதியே பின்னர் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. நாட்டின் பழைமையான மனநல நிலையங்களுள் அது ஒன்று. ஆயினும், சாதாரணக் குடும்பங்களுக்கு அது எட்டாத தொலைவாகவும் அஞ்சத்தக்க பெயராகவும் இருந்தது. அடைக்கலம் தேடியவர்கள் தர்காக்களை நாடினார்கள். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்கு எல்லாச் சமயத்தாரும் வந்தார்கள். நாளடைவில் அங்கே தனியார் காப்பகங்கள் பெருகின. பராமரிக்க இயலாத உறவினரைக் குடும்பத்தார் அவற்றில் விட்டுச் சென்றார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அத்தகைய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அடுத்த சில நாள்களில் அவ்வகைக் காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டார்கள். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பல ஆண்டுகளுக்குப் பின் வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியால் கட்டுவதை எவ்வகையிலும் கூடாதெனத் தடை செய்தது.

அந்த நிகழ்வை விதிமீறலின் விளைவாக மட்டும் பேசிவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம். மாண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் இருந்தாள். ஒவ்வொருவருக்கும் நோயின் முதல் நாள் என்று ஒன்று இருந்தது. உறக்கம் கெட்ட ஓர் இரவு, காரணமின்றி அழுத ஒரு மாலை, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதன்முதலாகச் சொன்ன ஒரு நாள். அந்த நாளில் பார்த்த கண்ணும், கேட்ட வாயும், அழைத்துச் செல்ல ஓர் இடமும் இருந்திருந்தால், சங்கிலிவரை போயிருக்க வேண்டியதில்லை என்று சிலரைப் பற்றியேனும் நாம் சொல்லக்கூடும்.

காலத்தின் விலை

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, மனநலப் பாதிப்புகளில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. மனச்சிதைவு போன்ற கடும் நோய்கள் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுகின்றன. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, மீட்சி கடினமாகிறது என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அக்காலம் கல்வி கற்கும் காலம், தொழில் பழகும் காலம், நட்பு வேர்விடும் காலம். அதை இழந்தவருக்கு நோய் தணிந்த பின்னும் வாழ்வைத் தொடங்குமிடம் கிடைப்பதில்லை.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1981-இல் சென்னையில், முதன்முறையாக மனச்சிதைவுக்கு ஆளாகி மருத்துவம் நாடிய 90 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. மருத்துவர் தாரா உள்ளிட்ட குழுவினர் இருபத்தைந்து ஆண்டுகள்வரை அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பாலோரிடம் கடும் அறிகுறிகள் தணிந்திருந்தன. மருத்துவத்தையும் குடும்பத்தின் துணையையும் பெற்றவர்கள் வாழ்வுக்குத் திரும்ப முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த சான்று இது. மறுபுறம், 2015–16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நோய்க்கு நோய் வேறுபட்டு, 70 முதல் 92 விழுக்காட்டினர் உரிய சிகிச்சையைப் பெறுவதில்லை. மருத்துவம் இருக்கிறது, வாசலைத் தாண்டி அதனிடம் செல்லத்தான் தாமதமாகிறது.

நம் வீட்டில் தாமதம் எப்படி நேர்கிறது?

வஸ்வாஸை எடுத்துக்கொள்வோம். உளூவில் கையை மீண்டும் மீண்டும் கழுவுவதும், தக்பீரைத் திரும்பத் திரும்பக் கூறுவதும், ஆடையில் அசுத்தம் பட்டதோ என்று ஓயாமல் சோதிப்பதும் தொடங்கும்போது, பிள்ளை பேணுதலானவன் என்று வீட்டார் மகிழ்கிறார்கள். ஓர் உளூவுக்கு அரைமணி நேரம் ஆகும்போது எரிச்சலடைகிறார்கள். தொழுகையையே அவன் அஞ்சி விட்டுவிடும்போதுதான் திகைக்கிறார்கள். உளூவிலும் நிய்யத்திலும் வரும் இந்த வஸ்வாஸைக் கண்டித்து இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்), இப்னு குதாமா (ரஹ்) போன்றோர் முன்பே எழுதியுள்ளார்கள். இது பேணுதலின் மிகுதியன்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மருத்துவம் இதற்கு நல்ல சிகிச்சை வைத்திருக்கிறது.

அடுத்தது ஜின். ஜின்களின் இருப்பை நம்புவது நம் மார்க்கத்தின் பகுதி. ஆனால் பிள்ளையிடம் தெரியும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஜின்னையும் கண்ணேறையும் சூனியத்தையும் காரணமாக்கி, ஊர் ஊராக அலைந்து, பணத்தையும் ஆண்டுகளையும் இழந்த பின் மருத்துவரிடம் வருவது மார்க்கம் சொன்ன வழியன்று. ஓதிப்பார்ப்பது மருத்துவத்துக்குத் தடையுமன்று. ஏர்வாடியிலேயே பின்னாளில், மருந்தும் துஆவும் எனப் பொருள்படும் ‘தவா–துஆ’ என்ற அரசுத் திட்டம், நேர்ச்சைக்கு வருவோர் மனநல மருத்துவரையும் காண வழி செய்தது.

மூன்றாவது, நிக்காஹ். “ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்” என்று நோயை மறைத்து மணமுடிப்பதால், நோயாளியும் குணமடைவதில்லை. மறுவீட்டுப் பிள்ளையின் வாழ்வும் சேர்ந்து சிதைகிறது. அக்காளின் சம்பந்தம் கெட்டுவிடும் என்று தம்பியின் நோயை மூடிவைப்பதும் இத்தகையதே. அமானத்தாக வந்த பிள்ளையை ஊர்ப்பேச்சுக்குப் பலியிட நமக்கு உரிமையில்லை.

செய்யக்கூடியவை

உறக்கமும் பசியும் மாறுதல், படிப்பில் திடீர்ச் சரிவு, நண்பர்களையும் குடும்பத்தையும் விட்டு ஒதுங்குதல், காரணமற்ற ஐயமும் அச்சமும், தனக்குள் பேசிச் சிரித்தல், குளிக்கவும் உடுக்கவும் ஆர்வமின்மை, வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு ஆகியவற்றில் எதுவும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைக் காணுங்கள். கடைசியாகச் சொன்னது ஒருமுறை காதில் விழுந்தாலும் காத்திருக்க வேண்டாம். பிள்ளையைத் தனியே விட வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். அன்று பீமாரிஸ்தான்களை நடத்தியது வக்ஃபு. இன்று நம் பள்ளிவாசல்களில் கண் சிகிச்சை முகாமும் இரத்ததான முகாமும் நடக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மனநல மருத்துவரை அழைத்துப் பெற்றோரிடம் பேசச் செய்வதும், மக்தப் மதரஸா உஸ்தாதுகளுக்கு இவ்வறிகுறிகளைச் சொல்லிக்கொடுப்பதும், மருந்து வாங்க இயலாத குடும்பத்துக்கு இரகசியமாக உதவுவதும் நம் முன்னோர் விட்டுச்சென்ற பணியின் தொடர்ச்சியே. தினமும் பிள்ளைகளின் முகம் பார்க்கும் உஸ்தாது, வீட்டார் காணத் தவறியதைக் கண்டுவிடக்கூடும்.

குருவியை இழந்த ஒரு சிறுவரின் வாட்டத்தைக் கண்டு நின்ற நபியின் உம்மத் நாம். நம் பிள்ளைகளின் முகத்தை நேரத்தோடு பார்க்கும் கண்களையும், அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் உள்ளத்தையும் வல்ல இறைவன் நமக்குத் தருவானாக. நோயுற்ற இளையோருக்கு நிறைவான ஷிஃபாவையும், அவர்களைத் தாங்கி நிற்கும் பெற்றோருக்கு ஸப்ரையும் அளிப்பானாக. ஆமீன்.